கசிவும் துருசும்

இவ்வாரம் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு எழுத எண்ணியுள்ளோம். கசிவு என்பது அச்சொல். அரசியல் ஏட்டுக்குச் சொல்லாராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுத்தருளுமாறு வேண்டுகின்றோம். படுவான்கரையில் வேளாண்மை செய்யும் ஒருவர் கசிவு என்று கூறும்போது குளக்கட்டை நினைக்கின்றார். கச்சேரியில் கோப்புகளோடு காலங்கழிக்கும் உத்தியோகத்தர் அதே சொல்லைக் கேட்டதும் ‘யார் வெளியே சொன்னது?’ என்று நினைக்கின்றார். பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்பும் தாய் வினாத்தாளை நினைக்கின்றாள். வாவியின் இரு கரையிலும் வழங்குவது ஒரே தமிழ்தான். ஆயினும் இந்த ஒரு சொல்லில் மூவரும் மூன்று அச்சங்களைக் கேட்கின்றனர். இவ்வேற்றுமையுள் நம் மாவட்டத்து மக்களின் உயிரையும் உடைமையையும் தொடும் விடயமொன்று மறைந்துகிடப்பதாலேயே இதனை எழுத முன்வந்தோம்.

பழந்தமிழில் கசிவு வெறுக்கத்தக்க சொல்லன்று. ஈரம், ஊறுதல் என்பன அதன் முதற்பொருள்கள். அவற்றிலிருந்து மனம் நெகிழ்தல், இரக்கம், அன்பு என்னும் பொருள்கள் பிறந்தன. கசிவுள்ள நெஞ்சம் என்றால் நல்ல நெஞ்சம், கசிவில்லாதவன் கல்நெஞ்சன். கூரையிலிருந்து மழைநீர் சொட்டுவதை நம்மூரில் ஒழுக்கு என்கின்றோம். ஒழுகு என்னும் அதே வினையிலிருந்துதான் ஒழுக்கம் என்னும் சொல்லும் வந்தது. நீர் தன் வழியே செல்வது ஒழுகுதல். மனிதன் நன்னெறியிலே செல்வதும் ஒழுகுதல். பொசிதல் என்று இன்னொரு சொல்லும் உண்டு; வாய்க்கால் நீர் வரம்பின் ஊடாக அயலிலுள்ள புல்லையும் நனைப்பது பொசிவு. இவையெல்லாம் நீரை நம்பி வாழ்ந்த மக்கள் ஆக்கிய சொற்கள். செய்தி கசிந்தது, அறிக்கை கசிந்தது என்னும் வழக்குகளோ ஆங்கிலப் பத்திரிகைகளின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தவை. ஆங்கிலத்திலும் அச்சொல் முதலிற் குறித்தது கப்பலின் ஓட்டையையும் பீப்பாயின் ஒழுக்கையுந்தான். ஆட்சியாளரின் அறைகளுக்குள் அது நுழைந்தது பிற்காலத்திலே.

நுழைந்தபோது ஓர் இலக்கணக் குழப்பத்தையும் உடன் கொண்டுவந்தது. நீர் தானாகக் கசியும். செய்தி தானாகக் கசிவதில்லை. யாரோ ஒருவர் அதைக் கசியவிடுகின்றார். ‘அறிக்கை கசிந்துள்ளது’ என்று பத்திரிகை எழுதும்போது எழுவாய் மறைந்துவிடுகின்றது. மறைந்து நிற்பவர் சில வேளை மேலே இருப்பவர். அமைச்சர் ஒருவர் புதிய வரியொன்றை விதிக்கவோ ஊரவர் நிலமொன்றை எடுக்கவோ எண்ணும்போது, பொதுசனங்களின் ஆழம் பார்ப்பதற்காகத் தமக்கு வேண்டிய பத்திரிகையாளரின் காதில் அதைப் போட்டுவைக்கின்றார். எதிர்ப்பு எழுந்தால் அப்படியொன்றும் இல்லையென மறுத்துவிடுவார். மற்றைய வேளைகளில் மறைந்து நிற்பவர் கீழே இருப்பவர்: ஓர் எழுதுவினைஞர், ஒரு தொழினுட்ப உத்தியோகத்தர், ஒரு தாதி. தாம் கண்ட தவற்றை மனம் பொறாமல் வெளியே சொல்லிவிடுகின்றார். முன்னவர் தண்டிக்கப்பட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. பின்னவருக்கோ தாபன விதிக்கோவையின் 47ஆம் அத்தியாயமும், அதற்கும் மேலாக 1955ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க அரச இரகசியங்கள் சட்டமும் காத்திருக்கின்றன. இரு செயலுக்கும் ஒரே பெயர் வழங்குவது ஆட்சியாளருக்கு வசதியாகத்தான் இருக்கின்றது.

இனிக் குளத்துக்கு வருவோம். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி என்னும் குளங்களை நம்பியே நம் மாவட்டத்து வயல்களிற் பல விளைகின்றன. உன்னிச்சை நீரையே இன்று வவுணதீவிற் சுத்திகரித்து நகரத்தாரும் பருகுகின்றனர். ஆகவே குளக்கட்டு விவசாயிக்கு மட்டும் உரிய விடயமன்று என்பதை எழுவான்கரையிலுள்ள உத்தியோகத்தப் பெருமக்களும் நினைவிற் கொள்வார்களாக.

மண்ணாற் கட்டிய எந்தக் கட்டும் சிறிதளவாவது கசிந்தே தீரும். இதனை எந்தப் பொறியியலாளரும் மறுக்கமாட்டார். அதனாலேதான் கட்டின் கீழ்ப்புற அடியில் மணலையும் சரளைக் கல்லையும் படைபடையாக இட்டு வடிகட்டி அமைத்து, கசியும் நீரை ஒரு வாய்க்காலிற் சேர்த்து வெளியேற்றுகின்றனர். அந்நீர் எவ்வளவு வருகின்றது என்பதைக் குறித்துவைப்பதும் பராமரிப்பு முறையின் ஒரு பகுதி. அனுபவம் வாய்ந்த வட்டவிதானை ஒருவரிடம் சென்று கட்டுக் கசிகின்றது என்று கூறிப் பாருங்கள். அவர் பதறமாட்டார். ‘தண்ணி தெளிஞ்சு வருதா மகன், கலங்கி வருதா?’ என்றே முதலிற் கேட்பார். பெரிய அணைகளைக் காக்கும் பொறியியலாளர்கள் கேட்பதும் இதே கேள்விதான். தெளிந்து வருவது வெறும் நீர். கலங்கி வருவது கட்டின் மண்ணையும் தன்னோடு கொண்டுவரும் நீர். நண்டு வளையோ, எலி வளையோ, பட்டுப்போன மரத்தின் வேரோ, கறையான் புற்றோ காட்டிய சிறு வழியால் நீர் புகுந்து, மண்ணைத் துகள்துகளாக எடுத்துச் சென்று, கட்டின் வயிற்றுக்குள் ஒரு குழாயையே தோண்டிவிடுகின்றது. வெளியே விரற் பருமனாகத் தெரியும் துவாரம் உள்ளே எவ்வளவு அகன்றிருக்கின்றது என்பது வெளியில் நிற்பவனுக்குத் தெரியாது. அதன்பின் மணித்தியாலக் கணக்குத்தான்.

அவ்வேளையிற் செய்யத் தகாத காரியம் ஒன்றுண்டு. துவாரத்தின் வாயில் களிமண்ணை அப்பி அடைத்துவிட்டு, கசிவு நின்றதென்று மகிழ்வதே அது. உள்ளே அமுக்கம் கூடி நீர் வேறிடத்தாற் பீறிடும். விடயமறிந்தவர்கள் வாயை அடைக்கமாட்டார்கள். மணலையும் சரளையையும் அவ்விடத்திற் கொட்டி, நீரைப் போகவிட்டு மண்ணை மட்டும் மறிப்பார்கள். துருசைத் திறந்து குளத்தின் மட்டத்தை இறக்குவார்கள். கட்டுக்குக் கீழேயுள்ள ஊர்களுக்கு ஆள் அனுப்புவார்கள்.

அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலத்தில் டீற்றன் என்றொரு மண்ணணை இருந்தது. புதிதாகக் கட்டி முதன்முறையாக நீர் நிரப்பிக்கொண்டிருந்தபோது, 1976 யூன் 3ஆம் நாள் அணைக்குக் கீழ்ப்புறத்தில் தெளிந்த நீர் ஊறுவதைக் கண்டார்கள். 5ஆம் நாட் காலையிற் கலங்கிய நீர் வெளிப்பட்டது. இயந்திரங்களைக் கொண்டு மண் தள்ளி அடைக்க முயன்றார்கள். தள்ளச் சென்ற இயந்திரங்களையும் அந்தப் பள்ளம் விழுங்கியது. ஆனால் அம்முற்பகலிலேயே கீழுள்ள ஊர்களுக்கு அறிவித்தல் சென்றுவிட்டது. நண்பகலுக்குச் சற்று முன் அணை சரிந்தது. ஊர்கள் பாழாயின, வீடுகள் மிதந்தன, இறந்தோரோ 11 பேர். நமது அயல் மாவட்டத்துக் கந்தளாய்க் குளம் 1986 ஏப்பிரில் 20ஆம் நாள் விடியுமுன் உடைந்தது. உறக்கத்திலிருந்த ஊர்களின்மேல் வெள்ளம் பாய்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கட்டின் மேலாகப் பாரமேற்றிய வாகனங்களை ஓடவிட்டமை காரணங்களுள் ஒன்றாகப் பின்னர் கூறப்பட்டது. ஐடாஹோவில் வெள்ளத்துக்கு முன் செய்தி சென்றது. கந்தளாயில் வெள்ளமே செய்தியாக வந்தது.

வட்டவிதானையாரின் கேள்வியையே மற்றக் கசிவுகளை நோக்கியும் கேட்க விரும்புகின்றோம். வெளியே வருவது தெளிந்த நீரா, கட்டின் மண்ணா?

2024 ஜனவரியில் க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் விவசாய விஞ்ஞான வினாத்தாள் பரீட்சைக்கு முன்னரே வெளிவந்துவிட்டது. பரீட்சைத் திணைக்களம் அதனை இரத்துச் செய்து பெப்ரவரியில் மீண்டும் பரீட்சை நடாத்த நேர்ந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. கொக்கட்டிச்சோலையிலோ வெல்லாவெளியிலோ தனியார் வகுப்புக்கு வழியற்றுப் படிக்கும் பிள்ளைக்கு, கொழும்புப் பிள்ளையோடு சமமாக நிற்கக் கிடைக்கும் இடம் பரீட்சை மண்டபம் ஒன்றேயாகும். அங்கே வெளியேறியது தாளன்று. படித்தாற் பயனுண்டு என்று அப்பிள்ளையின் தகப்பன் கொண்டிருந்த நம்பிக்கை. கட்டின் மண் அதுவே. இத்தகைய கசிவை அடைப்பதிலும் அதற்குக் காரணரானவர்களைத் தண்டிப்பதிலும் எமக்கு இருவேறு கருத்தில்லை.

ஆனால் 2009இல் வன்னியில் நடந்தவை பற்றி அன்றைய அமெரிக்கத் தூதுவர் 2010 ஜனவரியிலே தம் அரசுக்கு அந்தரங்கமாக எழுதியனுப்பிய செய்தியை நினைத்துப் பாருங்கள். குற்றச்சாட்டுகள் பலவற்றின் பொறுப்பு நாட்டின் அரசியல், இராணுவ உயர் தலைமையைச் சார்ந்தது என்று அவர் எழுதியிருந்தார். அவ்வாண்டின் இறுதியில் விக்கிலீக்ஸ் வழியாக அது உலகறிய வந்தது. ஐக்கிய நாடுகள் நிறுவனம் அந்நாட்களிலே தன் கடமையில் எவ்வாறு தவறியது என்று அந்நிறுவனமே நடாத்திய உள்ளாய்வின் வரைவு, 2012 நவம்பரில் பி.பி.சி.யின் கைக்கு எட்டியது. அதனையடுத்து அறிக்கை வெளியிடப்பட்டது. தம் கதையின் ஒரு பகுதியைத் தமிழ் மக்கள் இவ்வாறான கசிவுகளிலிருந்துதான் படித்தறிந்தனர். கசிவென்றாலே துரோகம் என்னும் பேச்சுக்கு நம்மால் தலையசைக்க முடியாமைக்குக் காரணம் இதுவே. வந்தது தெளிந்த நீர். கட்டு எவ்விடத்திற் பழுதுற்றிருந்தது என்பதை அது காட்டிற்று.

இதைக் கூறும்போது நம் வீட்டுக் கூரையையும் அண்ணாந்து பார்க்கவேண்டியிருக்கின்றது. 1957 யூலை 26இல் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் ஊரறியச் செய்யப்பட்டது. எதிர்ப்புக்கு அஞ்சி மறுஆண்டிலே கிழித்தெறியப்பட்டது. 1965 மார்ச் 24இல் டட்லி சேனநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் மூடிய கதவுக்குள் எழுதப்பட்டு மறைவாகவே வைக்கப்பட்டது, அதுவும் நிறைவேறவில்லை. ஆகவே வெளிப்படையாகச் செய்தாற் காரியம் கைகூடிவிடும் என்று நாம் வாதிக்க வரவில்லை. எனினும் பின்னைய ஒப்பந்தத்திலே குடியேற்றக் காணிகளைப் பகிர்வதில் அவ்வம் மாவட்டத்து நிலமற்றோருக்கு முன்னுரிமை என்றொரு பிரிவு இருந்தது. கல்லோயாத் திட்டத்தின் அருகே நிலமின்றி நின்ற விவசாயிக்கு அந்தப் பிரிவு உரியது. மறைத்துவைத்த தாளைக் காட்டி அவர் எந்த உத்தியோகத்தரிடம் போய் வாதாடியிருக்க முடியும்? மறைவு ஆட்சியாளருக்கு மட்டும் உரிய நோயன்று. நம் தலைவர்களையும் அது பிடித்திருந்தது.

இனி, எழுதக் கைநடுங்கும் விடயத்துக்கு வருகின்றோம். நமது மாவட்டத்துக்கு அண்மைக் காலத்தில் நேர்ந்த பெருந்துன்பம் கசிந்த செய்தியால் வந்ததன்று. கசியாத செய்தியால் வந்தது.

2017 மார்ச்சில் காத்தான்குடியிலே சஹ்ரான் காசிமின் கூட்டத்தினர் தம் ஊர் முஸ்லிம் மக்களோடேயே மோதினர். அவருடைய போக்கைப் பற்றி அவ்வூர் முஸ்லிம் பெருமக்களே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர். 2018 நவம்பர் இறுதியில் வவுணதீவுக் காவலரணில் பொலிசார் இருவர் கொல்லப்பட்டனர். பழியோ முன்னாட் போராளி ஒருவர்மேல் விழுந்தது. கொன்றவர்கள் யார் என்பது மறுஆண்டு ஏப்பிரிலுக்குப் பின்னரே தெளிவாகி அவர் விடுதலையானார். 2019 ஏப்பிரில் 4ஆம் நாள், தேவாலயங்கள் தாக்கப்படலாம் என்னும் எச்சரிக்கை அயல்நாட்டுப் புலனாய்வுத் துறையிடமிருந்து இந்நாட்டுக்கு வந்தது. 11ஆம் நாள் பிரதிப் பொலிஸ்மா அதிபர் ஒருவரின் கையொப்பத்துடன் பிரமுகர்களைக் காக்கும் பிரிவுகளுக்குக் கடிதம் சென்றது. 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறு. மட்டுநகர்ச் சீயோன் தேவாலயத்தில், சிறுவர்கள் பலர் உட்பட, ஏறத்தாழ முப்பது பேர் மாண்டனர். நாடெங்கும் மாண்டோர் 250க்கு மேல். அன்றே அந்தக் கடிதத்தின் பிரதி ஊர் முழுவதும் கைக்குக் கை மாறியது. குண்டு வெடித்த பிறகு கசிந்தது.

டீற்றன் அணைக்குக் கீழிருந்தோருக்குக் கிடைத்தது ஒரு முற்பகல். நமக்குக் கிடைத்திருக்க வேண்டியவை 17 நாட்கள்.

அச்செய்தி எங்குமே பொசியவில்லை என்றும் கூறமுடியாது. தாக்குதல் நிகழக்கூடும் என்பது தம் தந்தையாரின் காதில் விழுந்திருந்தது என்றும், பெரிய தேவாலயங்களுக்குப் போகவேண்டாம் எனத் தமக்கு அவர் கூறினார் என்றும் அன்றைய அமைச்சர் ஒருவரே பின்னர் வெளிப்படுத்தினார். நீர் மேட்டுக்கு ஏறியது, பள்ளத்துக்கு வரவில்லை! 2023 ஜனவரி 12ஆம் நாள் உயர் நீதிமன்றம், மக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன எனத் தீர்ப்பளித்து, முன்னாட் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்புத் துறைகளின் அன்றைய தலைவர்கள் வெவ்வேறு தொகைகளும் இழப்பீடாகச் செலுத்தவேண்டும் என்று கட்டளையிட்டது. செய்தியை வெளியே சொன்னதற்காகச் சிறு உத்தியோகத்தர்கள் அஞ்சி வாழும் நாட்டில், சொல்லாமல் இருந்ததற்காகப் பெரியவர்கள் தண்டம் கட்டும்படி விதித்த தீர்ப்பு இது. அதன் இப்பக்கத்தை நம் சட்டத்தரணிகள் இன்னும் விரித்துப் பேசவேண்டும்.

புலனாய்வுச் செய்தியைச் சந்தையிற் கூறமுடியுமா, கூறியிருந்தால் இனக்கலவரம் மூண்டிருக்காதா என்று வினவுவோர் உளர். நியாயமான கேள்வியே. எல்லாவற்றையும் எல்லாரிடமும் கூறுக என்று நாம் சொல்லவில்லை. பெயர்களையும் வழிகளையும் மறைத்துக்கொண்டு, ‘இந்த ஞாயிறு வாயிலிலே சோதனை செய்யுங்கள், பொதி சுமந்து வரும் புதியவரை உள்ளே விடாதீர்கள்’ என்று போதகர்களிடமும் குருமாரிடமும் கூறியிருக்கலாம். காத்தான்குடிப் பெரியோரிடம் கூறியிருந்தால், முன்னரே முறையிட்ட அவர்கள் துணைக்கு வந்திருப்பார்கள். கலவரத்துக்கு விதை வதந்தி; வதந்தி முளைப்பது உண்மை கிடைக்காத நிலத்திலே. 1958இல் மட்டக்களப்பிலே பாணந்துறைச் சிங்கள ஆசிரியை ஒருவர் சிதைத்துக் கொல்லப்பட்டார் என்றொரு கதை தெற்கெங்கும் பரப்பப்பட்டது. பாணந்துறையைச் சேர்ந்த ஆசிரியை எவரும் அன்று மட்டக்களப்பிற் பணியாற்றவேயில்லை. அது தெரிவதற்குள் பாணந்துறையிற் கோவிற் பூசகர் ஒருவர் உயிரோடு எரிக்கப்பட்டுவிட்டார். இவற்றை டார்சி வித்தாச்சி எழுதிய நூல் இலண்டனில் அச்சாகியது. இந்நாட்டிலே அது தடைசெய்யப்பட்டது. வதந்தி தடையின்றி உலாவியது, உண்மைக்குத்தான் தடை.

குளத்துக்குத் துருசு வைத்தவன் அறிவாளி. கட்டு நீரை மறிக்கின்றது. துருசு வேண்டிய வேளையில் வேண்டிய அளவு விடுகின்றது. மிஞ்சினால் வான் பாய்கின்றது. துருசும் வானும் இல்லாத குளம் ஒரே மாரியில் உடைந்துபோகும். அரசாங்கத்தின் கோப்பறைகளுக்கு இந்நாட்டில் நெடுங்காலம் கட்டு மட்டுமே இருந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமே, நாமறிந்தவரை, முதன்முதலாக வைத்த நல்ல துருசு. 2017 பெப்ரவரி முதல் அது நடைமுறையில் இருக்கின்றது. தேசிய பாதுகாப்பு முதலிய காரணங்களாற் சில தகவல்களை மறுக்கலாம் என்று அச்சட்டம் கூறுகின்றது. ஆயின் வெளியிடுவதால் வரும் பொதுநன்மை தீங்கினும் மிகுமானால் வெளியிடவேண்டும் என்றும் அதுவே கூறுகின்றது. சட்டப்படி தகவல் வழங்கிய உத்தியோகத்தரைத் தண்டிக்கலாகாது என அதன் 40ஆம் பிரிவு காக்கின்றது. மனிதரின் உயிரும் சுதந்திரமும் பற்றிய விடயமாயின் 48 மணித்தியாலத்துள் மறுமொழி தரவேண்டும். ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு வேலைத்திட்டம் தொடங்குமுன் மூன்று மாத காலத்துக்கு அதன் விபரத்தைப் பொதுமக்களுக்குத் தெரிவிக்கவேண்டும். நம் கிராமங்களில் வாய்க்கால் கட்டவும் தெருப்போடவும் வரும் பணத்துக்கு என்ன நேர்கின்றது என்று திண்ணையிலிருந்து பேசுவோர் இப்பிரிவை ஒருமுறை வாசித்துப் பார்க்கவேண்டும்.

துருசு உண்டு, திறப்பார் இல்லை. மட்டக்களப்பு வாவியைப் பாருங்கள். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி கடலோடு கலக்குமிடங்கள் இரண்டு: பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரம் ஒன்று, கல்லாற்று முகத்துவாரம் மற்றொன்று. கோடையிலே கடல் மணலை எறிந்து வாயை மூடிவிடுகின்றது. மாரியிலே வாவி பெருகிப் படுவான்கரை வயல்களுள் ஏறும்போது வாயை வெட்டிவிடுவது வழக்கம். எப்பொழுது வெட்டுவது என்பதுதான் ஆண்டுதோறும் எழும் வழக்கு. கதிர் மூழ்கி நிற்பவருக்கு இன்றே வெட்டவேண்டும். இறாலையும் மீனையும் நம்பியிருப்பவருக்கோ சற்றுப் பொறுத்து வெட்டவேண்டும். காலந்தப்பி வெட்டினால் வாவி வற்றித் தொழில் கெடும், உப்பும் ஏறும். இருவர் பக்கத்திலும் நியாயம் இருக்கின்றது. இருவரும் முடிவை அறியும் விதமோ விசித்திரமானது. ‘நாளைக்கு வெட்டுறாங்களாம்’ என்று யாரோ ஒருவரின் மைத்துனர் கச்சேரியிற் கேட்டு வந்து கூறுகின்றார். மைத்துனர் இல்லாத ஊர் என்ன செய்வது? வாவியின் மட்டம் இவ்வளவு, வயலில் நிற்கும் நீர் இவ்வளவு, ஆகவே இந்நாளில் வெட்டத் தீர்மானித்தோம் என்று ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு கிராமசேவையாளரின் வாயிலிலும் ஒட்டினால் எந்த இரகசியம் குலைந்துபோகும்?

வான்கதவுகளின் கதையும் இதுவே. 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளங்களை நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். பெருமழையில் உன்னிச்சையின் கதவுகளைத் திறந்தே ஆகவேண்டும். திறக்காவிடிற் கட்டுக்கே ஆபத்து. அதற்காகப் பொறியியலாளரை நாம் குறைகூறவில்லை. எத்தனை கதவு, எத்தனை அடி, எத்தனை மணிக்கு, நீர் எந்த ஊரை எப்பொழுது அடையும் என்னும் நான்கு விபரங்களையே கேட்கின்றோம். இவை பொறியியலாளரின் குறிப்புப் புத்தகத்தில் எப்படியும் இருப்பவை. கட்டின் கசிவு நீர் தெளிவா கலங்கலா என்பதும் அக்குறிப்பில் இருக்கவேண்டும். கட்டுக்குக் கீழே படுத்துறங்கும் மக்களுக்கு அது இரகசியமாக இருத்தல் தகாது.

ஆகவே, வரும் மாரிப்போகத்துக்கான ஆரம்பக் கூட்டம் கூடும்போது, விதைப்புத் திகதியையும் நீர் விடும் திகதியையும் தீர்மானிப்பதோடு நம் விவசாயப் பெருமக்கள் கலைந்துவிடாதிருப்பார்களாக. தத்தம் குளத்தின் கட்டு இறுதியாக எப்பொழுது பரிசோதிக்கப்பட்டது, அறிக்கை என்ன கூறுகின்றது, வான்கதவு திறக்கும்போது அறிவிக்கும் முறை என்ன என்று கேட்டு, கமக்காரர் அமைப்பின் உறுப்பினர் ஒருவர் ஒரு விண்ணப்பம் எழுதுவாராக. ஊரிலுள்ள ஆசிரியரோ எழுதுவினைஞரோ ஓய்வுபெற்ற உத்தியோகத்தரோ துணைபுரியலாம். அவர்கள் தம் வேலைக்குப் பயந்து இரகசியமாக எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை, சட்டம் வழங்கிய வழியைக் காட்டினாற் போதும். விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுள் தகவல் உத்தியோகத்தர் தம் முடிவைக் கூறவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு; அதற்கு மேல் ஆணைக்குழு உண்டு. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டாலும் அதை எழுத்திற் பதிந்துகொள்ள அவ்வுத்தியோகத்தர் கடமைப்பட்டவர். எதற்காகக் கேட்கின்றீர் என்று வினவும் அதிகாரம் அவருக்கில்லை.